கருத்துக்கேட்பா, கிராம சபையா, ஊர் வரைபடமா? ராமநாதபுரம் கரைக்கு எது பொருந்தும்

ராமநாதபுரம் கடற்கரைக்கு இப்போது திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 2018-ல் பின்தங்கிய மாவட்டங்களுக்கான மத்திய அரசின் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரோடு இந்த மாவட்டமும் சேர்ந்தது. 2023-ல் வளமாவூரில் ரூ.127 கோடி கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2025-ல் புதிய பாம்பன் பாலம் திறந்தது, தனுஷ்கோடியில் பூநாரைகளுக்குச் சரணாலயம் வந்தது, விமான நிலையப் பேச்சும் சூடு பிடித்தது. இதில் எது நல்லது, எது வேண்டாதது என்பது தனிக் கதை. இவற்றையெல்லாம் யோசிக்கும்போது கரையில் குடியிருக்கும் சனங்களை எந்த வழியில் கேட்பது என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். சட்டத்திலும் வழக்கத்திலும் நான்கு வழிகள் இருக்கின்றன. நான்குக்கும் பலம் வேறு, பலவீனம் வேறு.

ஆட்சியர் நடத்தும் கருத்துக்கேட்பு

நாளிதழில் செய்தியாக வருவது பெரும்பாலும் இதுதான். 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடப்பது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும். ஆட்சியரோ அவர் அனுப்பும் மூத்த அதிகாரியோ தலைமை வகிப்பார். குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும், தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும், பேசியதெல்லாம் பதிவாக வேண்டும். எழுந்த கேள்விகளுக்குத் திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனம் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். இது சின்ன விஷயமில்லை. நாளைக்கு வழக்கு என்று போனால் அந்தப் பதிவுதான் கைகொடுக்கும்.

ஆனால் கேட்கும் நேரம் தப்பு. இடம் பார்த்து, வரைபடம் போட்டு, முதலீடும் முடிவான பிறகுதான் மைக் ஊர்க்காரர் கைக்கு வருகிறது. கல்யாணப் பத்திரிகை அடித்த பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்பது போன்றது இது. வேண்டும் அல்லது வேண்டாம் என்று சொல்லலாம். 'இங்கே வேண்டாம், அந்தப் பக்கம் வை, இதற்குப் பதில் அதைச் செய்' என்று சொல்வதற்கு அங்கே இடமே கிடையாது. கூட்டம் தொடங்க இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற விதியும் இல்லை.

அந்த மைக்கும் எல்லாத் திட்டத்துக்கும் கிடைப்பதில்லை. 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளைக் கருத்துக்கேட்பு தேவைப்படாத வகைக்கு மாற்றிவிட்டார்கள். ராமநாதபுரத்தில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட 2025 மார்ச்சில் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் அனுமதி கிடைத்தது. ஆகஸ்டில் அது பரவலாகத் தெரியவந்து எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, அனுமதியைத் திரும்பப் பெறும்படி மாநில அரசே சொன்னது. விவசாயிகளையும் மீனவர்களையும் முதலிலேயே உட்கார வைத்துப் பேசியிருந்தால் இந்தப் பதற்றம் தேவைப்பட்டிருக்காது.

கிராம சபை

இதற்கு அரசியல் சட்டத்தின் பலம் இருக்கிறது, 1994-ம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் இருக்கிறது. 2022-லிருந்து ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைந்தபட்ச வருகைக்கு விதி உண்டு. 10,000 பேருக்கு மேல் இருக்கும் ஊராட்சியில் 300 பேராவது வர வேண்டும். யாரும் எந்தத் திட்டத்தையும் கொண்டுவராதபோதே ஊர் தானாக ஒரு விஷயத்தை எடுத்துப் பேசலாம். கருத்துக்கேட்பில் இது முடியாது.

கடற்கரை ஊர்களில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ராமேசுவரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். சபைத் தேதி அந்த நாளில் விழுந்தால் ஆண்களில் பாதிப் பேர் ஊரில் இல்லை. பாசி எடுக்கும் பெண்கள் நீர் வற்றும் நேரம் பார்த்துப் போகிறவர்கள். காலை 11 மணிக் கூட்டம் அவர்களுக்கு ஒத்துவராது. அந்த வகையில் மே 1 நல்ல நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள். பெரிய விஷயங்களை அந்தச் சபைக்கு வைப்பது புத்திசாலித்தனம்.

தீர்மானம் போட்டால் திட்டம் நின்றுவிடுமா? நிற்காது. இந்தக் கரையில் கிராம சபைத் தீர்மானம் ஓர் ஆதாரம்தான், தடையுத்தரவு அல்ல. கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். பேச்சுக்குப் பின்னால் பணம் இருந்ததால் சனம் வந்து உட்கார்ந்தது. நம் பக்கம் அந்த ஒதுக்கீடு இல்லாததால் தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், நூறு நாள் வேலை என்பதற்குள்ளேயே சபை முடிந்துவிடுகிறது. அவையும் தேவைதான். ஆனால் இருபது வருடம் கழித்து இந்தக் கரை எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சு வருவதில்லை.

மாவட்டத் திட்டக் குழு

காகிதத்தில் பார்த்தால் இதுதான் சரியான இடம். ஊராட்சி, நகராட்சித் திட்டங்களை ஒன்றாக்கி மாவட்டத்துக்கே ஒரு வளர்ச்சித் திட்டம் போடும் அமைப்பு. உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கு தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆனால் 2025 ஜனவரியில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத காலத்தில் இந்தக் குழுவுக்கு உயிரில்லை. மேலே பேச வேண்டிய இடம் இது, ஆனால் தொடங்க வேண்டிய இடம் இல்லை.

ஊரே வரையும் வரைபடம்

என் ஓட்டு இதற்குத்தான். காரணம், இந்தக் கரையின் முக்கியமான விஷயங்கள் பாதிக்கு மேல் எந்த அரசுப் பதிவிலும் இல்லை.

மண்டபம், பாம்பன் பக்கம் போனால் வடகடல், தென்கடல் என்று பேசுவார்கள். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும். நாட்டுப்படகுகள் தெற்கே மாறும். தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும்போது தெற்கே இருக்க முடியாது, வடக்கே வருவார்கள். அதனால் ஒரு கரை சில மாதம் ஆளில்லாமல் கிடக்கும். அந்த மாதம் பார்த்து அளவெடுக்க வருகிறவருக்கு அது வெறும் மணல். வருவாய்ப் பதிவேட்டில் அது புறம்போக்கு. திட்டம் போடுகிறவருக்கு 'காலி நிலம்'. ஆனால் ஊருக்கு அது படகு ஏற்றும் இடம், வலை காயும் இடம், கருவாடு போடும் இடம்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி தயாராகும் மேலாண்மைத் திட்ட வரைபடம் 1:25,000 அளவு. அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 250 மீட்டர். 50 மீட்டர் அகலமுள்ள கருவாட்டுக் களம் இரண்டு மில்லிமீட்டர் புள்ளி. மீனவர் குடியிருப்பும் பொது இடங்களும் வரைபடத்தில் வர வேண்டும் என்று விதியே சொல்கிறது. அந்தப் புள்ளியை யார் வைப்பது? சென்னையில் கணினி முன் இருக்கிறவரால் முடியாது. கரைவலை இழுக்கும் இடமான பாடு எங்கே, மழைநீர் கடலில் சேரும் ஓடை எங்கே உடைக்கும், நல்ல தண்ணீர் ஊற்று எங்கே, ஆமை ஏறும் மணல் எது என்று ஊரில் வயசானவர்கள் நடந்துகொண்டே சொல்வார்கள். கிராம அளவை வரைபடத்தை வைத்துக்கொண்டு கூடவே நடந்து குறித்தால் போதும்.

ஊர் கூடிப் பேசி முடிவெடுத்தால் நிலைக்காது என்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறை, பல மோதல்களுக்குப் பிறகு இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி வந்தது. பக்கத்திலேயே இன்னொன்றைப் பாருங்கள். 2017-ல் விசைப்படகுகளுக்குப் பதில் ஆழ்கடல் சூரைப் படகு தரும் திட்டம் வந்தது. படகு ரூ.80 லட்சம், அதில் 70 சதவீதம் மத்திய, மாநில மானியம், 20 சதவீதம் வங்கிக் கடன், மீதி 10 சதவீதம் மீனவர் கைக்காசு. இவ்வளவு மானியம் இருந்தும் 2,000 படகு என்ற இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. நாள் கணக்கில் ஆழ்கடலில் தங்கும் தொழில் வேறு, ஒரு நாள் கணக்கில் போய்த் திரும்பும் தொழில் வேறு. கரையில் யாரைக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பார்கள்.

இந்த வழிக்கும் குறை உண்டு, மறைக்க முடியாது. ஊர்க் கமிட்டி, பங்குப் பேரவை, ஜமாத் என்று எதன் பெயரில் கூடினாலும் பேசுவது பெரும்பாலும் ஆண்கள். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் பெண்களோ தாங்களாகவே பேசி, மாதத்துக்கு 12 நாள்தான் பாசி எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அந்த ஊர் லட்சுமி 2015-ல் தீவுச் சூழல் பாதுகாப்புக்கான சீகாலஜி விருது பெற்றது இதற்காகத்தான். கடலைத் திட்டமிட்டுப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் இவர்கள். இவர்கள் இல்லாத வரைபடம் பாதி வரைபடம்தான். கூடவே ஒரு பயமும் இருக்கிறது. பாசி எடுக்கும் தீவுகள் 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வரைபடத்தில் குறித்தால் அதுவே வழக்குக்கு ஆதாரமாகிவிடுமோ என்று தயங்குவார்கள். எதைக் குறிப்பது, எதை வாயோடு வைத்துக்கொள்வது என்பதை அந்தப் பெண்களே முடிவு செய்யட்டும். வெளியிலிருந்து உதவிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளும் தொண்டு நிறுவனங்களும் இதில் அவசரப்படக் கூடாது.

அப்போ எது?

ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னால் ஊர் வரைபடம். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது தனியாக நிற்காது. அதனால் வரைபடத்தை முதலில் முடித்து, மே 1 கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்க வேண்டும். நகல்களை ஆட்சியருக்கும், மீன்வளத் துறைக்கும், மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கும் அனுப்பி ஒப்புகை வாங்கி வைக்க வேண்டும். பிறகு எப்போது கருத்துக்கேட்பு வந்தாலும் ஊர் கோபத்தோடு மட்டும் போகாது, சர்வே எண்ணோடு போகும். மாவட்டத் திட்டக் குழு மறுபடி கூடும்போதும் இதே காகிதம்தான் அங்கே போக வேண்டும்.

ராமேசுவரமும் கீழக்கரையும் நகராட்சி, மண்டபமும் தொண்டியும் பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபை கிடையாது. நகர்ப்புற வார்டுகளில் 2022 நவம்பரில் தொடங்கிய பகுதி சபைகளை இதற்குப் பயன்படுத்தலாம். வரைபடம் இரண்டாக இருக்கட்டும்: வாடைக்கு ஒன்று, கச்சானுக்கு ஒன்று.