"கேபின் மட்டும்தான் எரிஞ்சது" என்று விற்கப்படும் லாரி இன்ஜின்: அட்வான்ஸ் போடும் முன் படியுங்கள்

தீப்பிடித்த லாரியின் இன்ஜின் மலிவாக வந்திருக்கிறது, எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் ஒன்று இரண்டு வண்டி வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. இன்ஜின் போனால் வண்டி நின்றுவிடும், டியூ நிற்காது. அந்த அவசரத்தைக் கணக்குப் போட்டுத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

எங்கள் வண்டி டாடா 2518, பி.எஸ்.3. கம்மின்ஸ் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர். நானும் தம்பியும் மாறி மாறி ஓட்டுகிறோம். பிஸ்டனையும், அது சுழற்றும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு உடைந்து, இன்ஜினின் வார்ப்பு உடலான பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இந்த இன்ஜினில் பிஸ்டன் ஓடும் குழாயான லைனர் தனியாகக் கிடையாது, பிளாக்கிலேயே அந்தத் துளையை (போர்) கடைந்திருப்பார்கள். அதனால் அந்தப் பிளாக் இனி ஆகாது என்று பட்டறையில் கையை விரித்துவிட்டார்கள். ஓடிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து இறக்கிய இன்ஜினுக்கு 1,80,000 ரூபாய் சொன்னார்கள். அந்த நேரத்தில்தான் ஒரு புரோக்கர் மூலம் வெளிமாவட்டத்தில் லாரி உடைக்கும் ஒருவர் தொடர்புக்கு வந்தார். எரிந்த வண்டியின் இன்ஜின், 1,20,000.

"அண்ணா, ஒயரிங் ஷார்ட் ஆகி கேபின் மட்டும்தான் எரிஞ்சது. இன்ஜினுக்குச் சூடே ஏறல. நம்பி எடுத்துட்டுப் போங்க" என்றார். சேம்பரை, அதாவது அடியில் இருக்கும் ஆயில் தொட்டியைக் கழற்றிக் காட்டுங்கள் என்று கேட்டோம். "ஏற்கெனவே கழட்டிப் பாத்துட்டுப் புது கேஸ்கட் போட்டு மூடியாச்சுங்க, வீடியோ அனுப்புறேன்" என்று ஒரு வீடியோ அனுப்பினார். கீழே பச்சை விரிப்பு, அதன்மேல் வரிசையாக பேரிங். எல்லாம் புதுசு மாதிரி பளபளவென்று இருந்தன. நேரில் போனபோது கேனில் டீசல் வைத்து, பேட்டரி கொடுத்து, ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் செய்து காட்டினார். சத்தம் சீராக இருந்தது. ஆயில் பிரஷரும் நன்றாகவே காட்டியது. இன்ஜின் முழுக்கப் புது பெயின்ட்.

வண்டியில் ஏற்றி, சிமென்ட் லோடுடன் பெங்களூர் கிளம்பிய தம்பி, தொப்பூர் ஏற்றத்தில் இருந்து போன் செய்தான். "அண்ணா, ஆயில் லைட் எரியுதுங்ணா. உடனே ஆஃப் பண்ணிட்டேன். அடியில டக் டக்குன்னு சத்தம் வருது." அவன் உடனே நிறுத்தியதால் இந்தப் பிளாக்கிலும் ஓட்டை விழாமல் தப்பித்தது. லோடை வேறு வண்டிக்கு மாற்றி, எங்கள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம்.

பட்டறையில் பிரித்தபோது தெரிந்தவை இவை.

கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் இருக்கும், கீழிருந்தே எளிதாக மாற்றக்கூடிய பிக் எண்ட் பேரிங் எல்லாம் புதுசு. கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் பழசு, அதிலும் மேல்பூச்சு வழிந்து உள்ளே இருக்கும் செம்பு நிறம் தெரிந்தது. பேரிங்கின் மேல்பூச்சு ஈயமும் தகரமும் (வெள்ளீயம்) கலந்தது. தகரம் 232 டிகிரியிலும் ஈயம் 327 டிகிரியிலும் உருகிவிடும். சாதாரணமாக ஓடும் இன்ஜினில் ஆயில் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகாது. வெளியே நெருப்பு நின்று எரிந்தால் போகும்.

அடுத்தது கிராங்க். பேரிங் உட்காரும் ஜர்னலை மேலாக பாலீஷ் போட்டிருந்தார்கள். ஆனால் எமரி பேப்பர் எட்டாத மூலையில், வளைவு திரும்பும் இடத்தில், நீலமும் சாம்பலும் கலந்த ஒரு நிறம் வளையமாக ஓடியது. லேத்காரர் ஒரு அரத்தை எடுத்து ஓரமாக வைத்து இழுத்தார். கடினம் ஏற்றிய ஜர்னலில் அரம் வழுக்கிக்கொண்டு போகும், பிடிக்காது. இதில் பிடித்தது, தூள் உதிர்ந்தது. "சூட்டுல டெம்பர் எறங்கிப் போச்சுங்க. கிரைண்டிங் போட்டு அண்டர்சைஸ் பேரிங் மாட்டினாலும் நிக்காது" என்றார்.

முன்பக்க கியர் கேஸ் அலுமினியம். எங்களுக்கு வந்த இன்ஜினில் இருந்தது வேறு இன்ஜினிலிருந்து எடுத்து மாட்டியது. அசல் கேஸ் எங்கே போனது என்பதற்கு மவுண்டிங் பிராக்கெட்டின் பின்னால் விடை இருந்தது: பெயின்ட்டைச் சுரண்டினால், மெழுகு வடிந்து உறைந்ததுபோல வெள்ளிநிறத்தில் அலுமினியம் ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும். வார்ப்புக்குச் சிலிக்கான் சேர்ப்பதால் 577 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். அவ்வளவு சூடு கண்ட இன்ஜினைத்தான் "சூடே ஏறல" என்று விற்றிருக்கிறார்.

ஸ்டார்ட் செய்து காட்டும்போது ஏன் நன்றாக இருந்தது? குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும், பேரிங் தேய்ந்திருந்தாலும் பிரஷர் காட்டும். லோடு ஏற்றி, ஏற்றத்தில் இழுத்து, ஆயில் சூடாகி இளகினால்தான் உண்மை வெளியே வரும். யார்டில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவதை ஒரு சோதனையாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். கையால் சுற்றினால் லேசாகச் சுற்றுகிறது என்பதும் அப்படித்தான்.

முதலில் யோசிக்க வேண்டியது, நெருப்பு எங்கே இருந்தது என்பதை. 2518 போன்ற வண்டிகளில் இன்ஜின் உட்கார்ந்திருப்பதே கேபினுக்கு அடியில். கேபின் முழுசாக எரிந்தால் பிளாஸ்டிக், சீட், ஒயர் எல்லாம் உருகி எரிந்துகொண்டே இன்ஜின் மேல்தான் விழும். டீசல் ஹோஸ் விட்டுப்போனால் கேட்கவே வேண்டாம். "கேபின் மட்டும்" என்பது அங்கேயே உதைக்கிறது. பின்னால் பாடியில், லோடில் பிடித்து, முன்னால் பரவுவதற்குள் அணைத்த வண்டி என்றால் கதை வேறு, அந்த இன்ஜின் நன்றாகவே இருக்கலாம். எனவே இன்ஜின் இறக்குவதற்கு முன் எடுத்த வண்டியின் போட்டோவைக் கேளுங்கள். இன்சூரன்ஸ் கிளெய்ம் ஆன வண்டிக்கு சர்வேயர் எடுத்த போட்டோ இல்லாமல் இருக்காது. முன் டயர் எரிந்து ரிம் தரையில் நின்றால், ரேடியேட்டர் உருகியிருந்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் பாருங்கள். பழைய ஃபேன் பெல்ட், பழைய ஹோஸ், பழைய பிளாஸ்டிக் ஃபேன், அவற்றின் மேல் பழைய தூசி, இதெல்லாம் இருந்தால் சூடு அங்கே வரவில்லை என்று நம்பலாம். எல்லாமே புதுசாக இருந்தால், டைனமோவும் டர்போவும் வேறு இன்ஜினுடையதாகத் தெரிந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். புது பெயின்ட் அடித்த எரிந்த இன்ஜினை நான் இனி எந்த விலைக்கும் தொடமாட்டேன். கழுவாத, பெயின்ட் அடிக்காத இன்ஜினில்தான் சூடு எதுவரை போனது என்பது எழுதிவைத்திருக்கும்.

தீயை அணைத்தது தண்ணீர் என்றால் இன்னொரு ஆபத்து. கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும், பெரும்பாலும் பிளாக்கின் மேல்மூடியான ஹெட்டில், வால்வு சீட்டுகளுக்கு இடையில். கண்ணுக்குத் தெரியாது, பிரஷர் டெஸ்ட் போட்டால்தான் தெரியும். ஏர் ஹோஸ் எரிந்துபோயிருந்தால் அந்த வழியாகத் தண்ணீர் போருக்குள் இறங்கி ரிங் துருப்பிடித்துக் கிடக்கும். வால்வு ஸ்பிரிங், ரிங் இரண்டும் சூட்டில் விறைப்பு இழந்துவிடும், வெளியே ஒரு அடையாளமும் இருக்காது.

இத்தனையையும் விற்பவர் முன்னாலேயே பார்க்க முடியாதுதான். ஆனால் சேம்பரைக் கழற்றி, ஒரு மெயின் பேரிங் கேப்பை இறக்கிப் பார்க்க ஒரு மெக்கானிக்குக் கொஞ்ச நேரம் போதும். உங்கள் மெக்கானிக்கைக் கூலி கொடுத்தாவது கூட்டிப்போங்கள். பிரிக்க விடமாட்டேன் என்றால், வீடியோ இருக்கிறது என்றால், வாங்காதீர்கள். வீடியோவே அனுப்பினாலும் பிளாக்கில் அடித்திருக்கும் இன்ஜின் நம்பரில் ஆரம்பித்து, வெட்டாமல் அப்படியே பேரிங் வரைக்கும் வர வேண்டும். எங்களுக்கு வந்ததில் நம்பரே இல்லை. அது வேறு இன்ஜினுடைய பேரிங்.

எரிந்த இன்ஜினை எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஓடும் இன்ஜின் விலை கொடுக்காதீர்கள். பிளாக்குக்கு மட்டும் விலை பேசுங்கள். பிளாக்கையும் லேத்தில் கொடுத்து, மெயின் பேரிங் உட்காரும் துளைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்த்தபிறகு மீதிப் பணம் என்று பேசுங்கள். கிராங்க், பிஸ்டன், ரிங், பேரிங், சீல் எல்லாம் புதிதாகப் போடும் செலவைக் கூட்டிப் பாருங்கள். எங்கள் கணக்கில் அது அந்த 1,80,000 ரூபாய் இன்ஜினைத் தாண்டிவிட்டது. பி.எஸ்.6 வண்டி என்றால் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இ.சி.யு., ஒயரிங், சென்சார், காமன் ரெயில் எல்லாம் சேரும். அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

அப்புறம் பேப்பர். இன்ஜின் நம்பர் போட்ட பில் கட்டாயம் வேண்டும். இன்ஜின் மாற்றினால் 14 நாளைக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. ஆர்.சி.யில் ஒரு நம்பர், பிளாக்கில் ஒரு நம்பர் என்று ஓட்டினால் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுப்பதிலும் சிக்கல், இன்சூரன்ஸ் கிளெய்மிலும் சிக்கல். எரிந்து அழிந்த வண்டியின் உரிமையாளரும் 55-வது பிரிவின்படி 14 நாளைக்குள் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைத்திருக்க வேண்டும். அந்த வண்டியின் நம்பரையும், எரிந்த நிலையில் அதை விற்றதற்கான சால்வேஜ் பேப்பரையும் காட்டத் தயங்குபவரிடம் இருப்பது திருட்டு இன்ஜினாகக்கூட இருக்கலாம்.

எங்களிடம் பில் இருக்கிறது. விற்றவரிடம் பேசினோம். "ஸ்டார்ட் பண்ணிக் காட்டியாச்சு, அதோட என் பொறுப்பு முடிஞ்சது" என்றார், இப்போது போனை எடுப்பதில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறோம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் கொடுக்கலாம். வியாபாரத்துக்காக வாங்கிய பொருளுக்கு அங்கே இடமில்லை என்று சிலர் பயமுறுத்துவார்கள். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக வாங்கியதற்கு 2019ஆம் வருடச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., வங்கிக் கணக்கு எல்லாம் அதைக் காட்டும். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி மூலம் போட்டதும் இப்போது கைகொடுக்கிறது. பிரித்த இன்ஜினைக் காயலான் கடைக்குப் போடாமல் பட்டறையிலேயே வைத்திருக்கிறோம், ஆணையம் ஆளை அனுப்பிப் பார்க்கச் சொன்னால் காட்ட வேண்டும்.

பச்சை விரிப்பில் பேரிங் அடுக்கிய வீடியோ உங்களுக்கும் வந்திருந்தால், தயவுசெய்து அட்வான்ஸ் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், வண்டியில் ஏற்றுவதற்கு முன் சேம்பரைக் கழற்றி நான்காவது, ஐந்தாவது மெயின் பேரிங்கைப் பாருங்கள். எங்களுக்கு மோசமாக இருந்தது அந்த இடம்தான்.