குவில்ட் தைக்க எது சரி: பழைய சிங்கரா, ஜுகியா, கம்ப்யூட்டர் மெஷினா?

குவில்ட் என்ற அடுக்குப் போர்வையில் இரண்டு வேலை இருக்கிறது. துணித் துண்டுகளை இணைத்துத் தைத்து மேல்துணியை உருவாக்குவது ஒன்று. அதைப் பஞ்சு அடுக்கோடும் அடித்துணியோடும் சேர்த்துத் தைப்பது இன்னொன்று. முதல் வேலைக்குப் பிசகாத நேர்த்தையல் வேண்டும், இரண்டாவதற்கு இடம் வேண்டும். எத்தனை வகைத் தையல் போடும் என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன்.

கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டிய இடத்தில் அரை மில்லிமீட்டர் கூடினால், ஒவ்வொரு இணைப்பிலும் 1 மி.மீ. துணி போய்விடும். 12 துண்டுகள் உள்ள வரிசையில் 11 இணைப்பு, அதாவது 11 மி.மீ. அப்புறம் பக்கத்து வரிசையோடு முனை எப்படிச் சேரும்?

இந்த வேலையில் பழைய சிங்கரை மிஞ்ச ஆளில்லை. 1933-இல் வந்த 221 மாடலும் சரி, 201 மாடலும் சரி, நேர்த்தையல் மட்டுமே போடும். ஊசித்தட்டில் சின்ன ஓட்டைதான் என்பதால் துண்டின் முனையை உள்ளே இழுக்காது. 221 சுமார் 5 கிலோ, எங்கேயும் தூக்கிப் போகலாம். ஆனால் அதில் துணியை நகர்த்தும் பல்லை இறக்க முடியாது. துணியைக் கையாலேயே நகர்த்திக் குவில்ட் தைக்க, தட்டு போட்டுத்தான் அதை மூட வேண்டும். பெரிய குவில்ட்டைச் சுருட்டி நுழைக்கவும் இடம் பத்தாது. 201-இல் பல்லை இறக்கலாம். பழசு வாங்கும்போது மோட்டார் வயரின் உறை வெடித்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

ஜுகி டிஎல்-2010க்யூ-வும் நேர்த்தையல் மெஷின்தான். நிமிடத்துக்கு 1500 தையல் வரை ஓடும். எனக்கு அந்த வேகத்தைவிட ஊசிக்கு வலப்பக்கம் கிடைக்கும் சுமார் எட்டரை அங்குல இடம்தான் பெரிது. துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டை முழங்காலால் தூக்கலாம். திருப்பும்போது இரண்டு கையும் துணியிலேயே இருக்கும். தடித்த இணைப்பின் மேல் திணறாமல் ஏறும். ஜிக்ஜாக், அதாவது வளைந்து வளைந்து போகும் தையல், கிடையாது.

துணியில் வெட்டிய உருவங்களை மேலே வைத்துத் தைக்கும் அப்ளிக் செய்பவர்களுக்கு அது பெரிய குறை. அவர்கள் கம்ப்யூட்டர் மெஷின் பக்கம் போவதில் தப்பில்லை. பாஃப் மெஷின்களில் உள்ள ஐடிடி அமைப்பு துணியை மேலிருந்தும் நகர்த்துவதால் அடுக்குகள் விலகாது. பெர்னினாவின் சில மாடல்களுக்குக் கிடைக்கும் பிஎஸ்ஆர் ஃபுட், நம் கை நகரும் வேகத்தைப் பார்த்துத் தையல் நீளத்தைச் சமன் செய்யும். கம்ப்யூட்டர் மெஷின் வாங்கினால் ஒற்றை ஓட்டை ஊசித்தட்டையும் சேர்த்து வாங்குங்கள். அது போட்டிருக்கும்போது ஜிக்ஜாக் வைத்தால் ஊசி உடையும். உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போனால் வீட்டில் சரிசெய்ய வழியில்லை.

குவில்ட் மட்டும்தான் என்றால் என் ஓட்டு ஜுகிக்கு. துண்டு இணைப்பதோடு நிறுத்திக்கொள்பவருக்கு 221 போதும்.

எதை வாங்கினாலும் பஞ்சு வைத்த துணித்துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், நான்கு முனை கூடும் இடத்தில் தைத்துப் பாருங்கள். திருப்பினால் பாபின் நூல் (கீழ் நூல்) கோடு போட்டதுபோல் நேராகக் கிடந்து, மேல் நூல் அதைச் சுற்றி வளையம் விட்டிருந்தால், மேல் நூலின் டென்ஷன் (இழுவிசை) தளர்வு. திருகி இறுக்கியும் அது போகவில்லையென்றால் அந்த மெஷின் வேண்டாம்.