நெல் ஆலையில் டெயில்: 7 வருடப் பாவனை

சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலை. உழவு மெசினைப் பெட்டியோடு ஏற்றி நிறுக்கும் பெரிய தராசு அங்கே இருக்கிறது. தராசிலிருந்து ஒரு வயர் பழைய கணினி ஒன்றுக்கு வருகிறது. ஒவ்வொரு நிறையும் நேரம், வண்டி இலக்கம், பெயர், கிலோ என்று டெக்ஸ்ட் பைல் ஒன்றில் ஒரு வரியாக விழும். கணினியில் ஓடுவது லினக்ஸ். அதைப் பார்த்துக்கொள்வது 7 வருடமாக என் பொறுப்பு. இத்தனை காலத்தில் நான் அதிகம் தட்டிய கட்டளை டெயில் (tail) தான்.

பைலின் கடைசிப் பகுதியைக் காட்டுவது அதன் வேலை. பைலின் பெயரை மட்டும் கொடுத்தால் கடைசி 10 வரி வரும். -என் (-n) போட்டு எண்ணைச் சொன்னால் அத்தனை வரி. எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி போட்டால் கணக்கு மேலிருந்து தொடங்கும். +2 என்றால் இரண்டாவது வரியிலிருந்து கடைசிவரை எல்லாம். கணக்குப்பிள்ளைக்கு மாதப் பட்டியல் கொடுக்கும்போது தலைப்பு வரியை நீக்க இதைத்தான் பாவிக்கிறேன்.

தராசு விடாமல் அனுப்பும் எண்களை இன்னொரு பைலில் சேர்த்து வைத்திருந்தோம். அது ஜிகாபைட் கணக்கில் வளர்ந்துவிட்டது. எடிட்டரில் திறந்தால் கணினி அப்படியே உறைந்துவிடும். டெயிலுக்கு அது பொருட்டே இல்லை. நேராகப் பைலின் முடிவுக்குப் போய் அங்கிருந்து பின்னோக்கி வாசிக்கிறது; முன்னால் எவ்வளவு கிடக்கிறது என்று பார்ப்பதில்லை. ஆனால் கேட் (cat) கட்டளையால் வாசித்துக் குழாய் (| குறி) வழியாக டெயிலுக்கு அனுப்பினால் இந்த வேகம் போய்விடும். குழாயில் பின்னோக்கிப் போக முடியாது, முழுவதையும் வாசித்தே ஆகவேண்டும். பைல் பெயரை நேரடியாகக் கொடுங்கள்.

உண்மையான பயன் -எஃப் (சிறிய f) போட்டபோதுதான் தெரிந்தது. டெயில் முடியாமல் காத்திருக்கும். புது வரி விழ விழக் காட்டும். தராசுக்கு எதிரே ஒரு திரையை வைத்து இதை ஓடவிட்டேன். நெல் கொண்டுவருபவர் தன் நிறையைத் தன் கண்ணாலேயே பார்க்கலாம்.

முதல் நாளே பிரச்சினை. ஒரு வண்டியின் நிறை எடுத்தும் திரையில் ஒன்றும் வரவில்லை. மறுகா பல வண்டிகளின் வரிகள் ஒரேயடியாக விழுந்தன. டெயில்தான் மெதுவாக ஓடுகிறது என்று நினைத்தேன். அது என் பிழை. தராசின் நிறையைப் பைலில் போட நான் எழுதிய பைதன் நிரல் வரிகளை நினைவகத்தில் சேர்த்து வைத்து, நிரம்பிய பிறகுதான் பைலில் எழுதியது. பைலில் இல்லாததை டெயில் எப்படிக் காட்டும்? ஒவ்வொரு வரிக்கும் பைலைத் திறந்து, எழுதி, மூடும்படி நிரலை மாற்றினேன். சரியாகிவிட்டது.

அடுத்தது மூன்றாவது வருடப் பெரும்போகத்தில் நடந்தது. நாளுக்கு ஒரு பைல் வேண்டும் என்று முதலாளி கேட்டதால் பைலைக் குறித்த நேரத்தில் மாற்றிவிடும் லொக்ரொட்டேட் நிரலை நள்ளிரவுக்கு அமைத்திருந்தேன். அறுவடைக் காலம், ஆலை இரவிலும் ஓடியது. 12 மணி தாண்டி ஒரு போடியாரின் (பெரிய வயல்காரர்) பெட்டி தராசில் ஏறியது. திரையில் கடைசியாக நின்றது 11.58க்கு விழுந்த முந்தைய வண்டியின் நிறை. அவருடைய வரி வரவேயில்லை.

“மகன், என்ட நெல்லு எங்க?” என்று கேட்டார்.

“கொஞ்சம் பொறுங்க போடியார்” என்றேன். அடுத்த பெட்டியும் ஏறி இறங்கியது, அதுவும் விழவில்லை. வண்டிகள் வீதிவரை நின்றன. தராசில்தான் பழுது என்று வயரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் கழித்து இன்னொரு டேர்மினலைத் திறந்து டெயில் அடித்துப் பார்த்தால், இரண்டு நிறையும் ஒழுங்காக இருந்தன.

நடந்தது இதுதான். லொக்ரொட்டேட் பழைய பைலுக்குத் திகதியோடு வேறு பெயர் வைத்துவிட்டு, அதே பெயரில் புதுப் பைலை உருவாக்குகிறது. சிறிய எஃப் பெயரைப் பார்ப்பதில்லை. முதலில் திறந்த பைலையே பிடித்துக்கொண்டிருக்கும். என் நிரல் புதியதில் எழுதியது, டெயில் பழையதையே பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய எஃப் (-F) போட்டால் பெயரைப் பின்தொடரும். பைல் மாறியதும் புதுப் பைலைத் தொடர்வதாக ஒரு வரி அறிவித்துவிட்டு அங்கே போய்விடும். லொக் (பதிவுப் பைல்) பார்க்க எப்போதும் பெரிய எஃப்தான் என்று அன்றிரவே முடிவு செய்தேன். பெயர் மாறிய பிறகும் பழைய பைலை மூடாமல் அதிலேயே எழுதும் நிரல்களும் உண்டு. அவற்றுக்குச் சிறிய எஃப் பொருந்தும்.

கரண்ட் போய் வந்த பிறகும் முதலில் டெயில்தான் அடிப்பேன். கடைசி வரி முடிந்த இடத்திலேயே கட்டளைக் குறி ஒட்டிக்கொண்டு நின்றால், அந்த வரி முழுமையாக எழுதப்படவில்லை. அந்த வண்டியைத் திரும்ப நிறுக்கச் சொல்லிவிடுவேன்.

தமிழில் பெயர் எழுதுபவர்கள், வரிக்குப் பதில் அளவைச் சொல்லும் -சி (-c) விடயத்தில் கவனமாக இருக்க வேண்டும். அது எழுத்துகளை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணுகிறது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் ‘க’ 3 பைட், ‘கி’ 6 பைட். கடைசி 100 பைட் கேட்டால் வெட்டு எழுத்தின் நடுவில் விழலாம்; முதல் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிப் பெட்டி தெரியும், அல்லது ‘கி’ உடைந்து மேல்விலங்கு மட்டும் தனியே நிற்கும். தமிழ்ப் பைலுக்கு வரிக்கணக்கே நல்லது.

குறை என்றால், ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே போய்த் தேட வசதியில்லை. அதற்குப் பைலைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் (less) கட்டளையை +எஃப் (+F) போட்டுத் திறக்கிறேன். கன்ட்ரோல்-சி அழுத்தினால் நிற்கும், தேடலாம். பெரிய எஃப் அழுத்தினால் திரும்பவும் தொடரும். கல்முனையில் வீட்டிலிருந்து போன் டேட்டாவில் உள்ளே போகும்போது இரண்டுமே இலேசாக ஓடுகின்றன.

தராசுத் திரையில் இன்றும் டெயில் பெரிய எஃப்தான், கணினி எழும்பும்போதே தொடங்கும்படி வைத்திருக்கிறேன். அந்தப் போடியார் போன மாசி மாதமும் வந்தார். பெட்டி தராசில் ஏறியதும் திரைக்கு முன்னால் வந்து நின்றார். வரி விழுந்ததும் கிலோவை உரக்க வாசித்துவிட்டு, மெசினை எடுக்கச் சொல்லிப் பெடியனுக்குக் கை காட்டினார்.