வார்டில் ஹேண்ட் ரப்பா, சோப்பும் தண்ணீருமா?

ஒரு நோயாளியின் நாடியைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகும் நர்ஸ், கட்டிலோரம் இருக்கும் ஆல்கஹால் ஹேண்ட் ரப்பை (தண்ணீர் இல்லாமல் கையில் தேய்க்கும் கிருமிநாசினி) எடுக்கலாம், வாஷ்பேசினுக்கும் போகலாம். பெரும்பாலான நேரங்களில் ஹேண்ட் ரப்தான் சரி என்பது என் கட்சி.

முதல் காரணம் நேரம். உலக சுகாதார நிறுவனம் ஹேண்ட் ரப்புக்கு 20 முதல் 30 விநாடி சொல்கிறது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க 40 முதல் 60 விநாடி. பேசினுக்கு நடந்து போய் வருவது தனி. ஆள் பற்றாத ஷிப்டில் இந்த இரண்டில் எது விடுபடும் என்று சொல்லவா வேண்டும்? ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் படுக்கையருகே ஹேண்ட் ரப் கிடைக்கும்படி செய்து, கூடவே பிரச்சாரமும் நடத்தினார்கள். கையைச் சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் உண்மையிலேயே செய்தது 1994-ல் 48 சதவீதம்; 1997-ல் அது 66 சதவீதத்தைத் தொட்டது.

அடுத்தது தோல். "ஆல்கஹால் கையைக் காயவைக்கும்" என்பார்கள். கிளிசரின் போன்றவை கலந்த ரப், அடிக்கடி சோப்புப் போடுவதைவிடத் தோலை மென்மையாகவே நடத்துகிறது. ஏற்கெனவே வெடித்த கையில் ரப் பட்டால் சுரீரென்று எரியும், உண்மைதான். ஆனால் அந்த வெடிப்பு பெரும்பாலும் சோப்பும் வெந்நீரும் கொடுத்தது. பழி மட்டும் ரப் மேல்.

சரி, சோப்பு எங்கே ஜெயிக்கிறது? கையில் ரத்தமோ அழுக்கோ கண்ணுக்குத் தெரிந்தால், கழிப்பறைக்குப் போய்வந்தால், கழுவத்தான் வேண்டும். கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் கிருமியால் வயிற்றுப்போக்கு வந்த நோயாளியிடமும் அப்படியே. அதன் ஸ்போர்களை, அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவத்தை, ஆல்கஹால் கொல்லாது. சோப்பும் கொல்லாதுதான், தேய்த்து அலசும்போது ஸ்போர்கள் தண்ணீரோடு போய்விடும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸ் பரவும்போதும் ரப்பை மட்டும் நம்ப முடியாது.

இரண்டையும் அடுத்தடுத்துச் செய்வது கூடுதல் பாதுகாப்பு இல்லை, தோலுக்குக் கேடு. ஈரக்கையில் ரப் போட்டால் ஆல்கஹாலும் நீர்த்துப்போகும்.

கையுறையைப் போட்டியில் சேர்க்கவே மாட்டேன். அதில் நுண்துளைகள் இருக்கலாம், கழற்றும்போதும் கை அசுத்தமாகும். எனவே கழற்றியதும் கைச்சுத்தம் கட்டாயம்.

அப்புறம், ரப்பை ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் மட்டும் தடவுவது கணக்கில் வராது. உள்ளங்கை நிறைய எடுத்து, கட்டைவிரலும் விரல்நுனிகளும் விட்டுப்போகாமல், தானாகக் காயும்வரை தேய்க்க வேண்டும். பத்து விநாடிக்குள் காய்ந்துவிட்டால் எடுத்த அளவு போதவில்லை.