ஃபேமிலிசர்ச்: நம்ம வீட்டு வம்சாவளிக்கு இது தாங்குமா?

ஃபேமிலிசர்ச்ங்குற வம்சாவளி ஆப்ல தாத்தா பேரத் தட்டுனா ஏழு தலைமுறை வந்து கொட்டும்னு யாராச்சும் உங்ககிட்ட சொல்லிருந்தா நம்பாதீங்க. மதுரைப் பக்கத்துல நாலு ஏக்கர் புஞ்சை வச்சுப் பொழச்ச எங்கள மாதிரி குடும்பத்துக்கு அது எதையும் தேடித் தராது. நம்ம தேடி எடுத்தத கலையாம வச்சுக்க ஒரு பீரோ, அவ்வளவுதான். ஆனா நல்ல பீரோ, காசும் கேக்க மாட்டேங்குது, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

யாரு நடத்துறாங்கன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. அமெரிக்காவுல யூட்டால இருக்குற மார்மன் சர்ச் 1894ல வம்சாவளிக்குன்னே ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, 1938ல இருந்து உலகம் பூரா ஆள் அனுப்பி சர்ச் ரிஜிஸ்டர், பிறப்பு இறப்பு ரிஜிஸ்டர்னு மைக்ரோஃபிலிம் எடுத்து மலையக் குடைஞ்சு ஒரு பெட்டகத்துக்குள்ள வச்சாங்க. மொத்தம் 24 லட்சம் ரோல். அத ஸ்கேன் பண்ணி முடிச்சதே 2021லதான். வெப்சைட் 1999ல இருந்து ஓடுது, ஆப் அப்புறம் வந்துச்சு. மெம்பரா இல்லாதவங்களும் சேரலாம், சந்தா கிடையாது.

சிலருக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு, அதையும் மறைக்காம சொல்லிடுறேன். அவங்க மதத்துல இறந்து போன முன்னோருக்காக உயிரோட இருக்குறவங்க பதிலுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்குற வழக்கம் உண்டு, இந்தக் குடும்ப மரமே அதுக்காகத்தான் வளர்ந்துச்சு. அவங்கவங்க சொந்த முன்னோருக்கு மட்டும்தான் செய்யணும், 110 வருஷத்துக்குள்ள பொறந்தவங்கன்னா நெருங்கின சொந்தத்துக்கிட்ட அனுமதி வாங்கணும்னு விதி வச்சிருக்காங்க. எனக்கு இதுல சங்கடம் இல்ல. எங்க பெரியப்பாவுக்கு இருந்துச்சு, “நம்ம சாமி பாத்துக்குவாரு, நீ போடு”ன்னு ரொம்ப நேரம் யோசிச்சுதான் சொன்னாரு. உங்க வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க.

சரி, உள்ள போனா முதல் முட்டல் பேருதான். அவங்க தேடுற முறையே குடும்பப் பேர வச்சு, நமக்கு அப்படி ஒண்ணு கிடையாது, இனிஷியல்தான். அந்தக் கட்டத்தக் காலியா விட்டாலும் ஏத்துக்குது, ஆனா தேடல் பாதி செத்துருது. இதுல தாத்தா பேர பேரனுக்கு வைக்குற வழக்கம் வேற. கருப்பையா மகன் ராமசாமி, ராமசாமி மகன் கருப்பையா, அந்தக் கருப்பையா மகன் மறுபடி ராமசாமின்னு போனா “இவங்க ரெண்டு பேரும் ஒரே ஆளா?”ன்னு அது கேக்கத்தான் செய்யும். அவசரத்துல ஆமான்னு தட்டிட்டா தாத்தாவும் பேரனும் ஒண்ணாயிருவாங்க, பிரிக்கலாம், ஆனா இடுப்பு ஒடிஞ்சுரும். நான் பேருக்குப் பின்னாடி ஊர்ல கூப்புடுற பட்டப்பேரையும் சேத்துப் போட்டேன், மேலத்தெரு, கிணத்தடி, மொட்டையன்னு, அது நல்லாவே வேலை செஞ்சுது. அக்கா மகளக் கட்டுனவங்க, மாமன் மகளக் கட்டுனவங்க வீட்டுல ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான முன்னோர் விசிறி மாதிரி விரியுற வம்சாவளிப் படத்துல ரெண்டு எடத்துல வருவாங்க. பயப்படாதீங்க, அது தப்பு இல்ல, நம்ம குடும்பமே அப்படித்தான்.

உள்ள போடுறதுக்கு சரக்கு எங்க கிடைக்கும்? இங்கதான் விஷயமே இருக்கு.

பத்திரத்துல இருந்து ஆரம்பிங்க. பழைய கிரயப் பத்திரத்துல “இன்ன தாலுகா இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் மகன் இன்னார்”னு ரெண்டு தரப்புக்கும் அப்பா பேரு இருக்கும், நாலு எல்லையில “இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு”ன்னு வர்ற ஆளு பாதி நேரம் பங்காளியாத்தான் இருப்பாரு, அவரையும் ஒரு பக்கம் குறிச்சு வச்சுக்கோங்க. பாகப்பிரிவினைப் பத்திரம் ஒண்ணு கையில கிடைச்சுட்டா அன்னைக்கு பிரியாணி போடலாம், அண்ணன் தம்பி அத்தன பேரும், செத்துப் போன அண்ணனோட மைனர் பசங்க உட்பட, ஒரே தாள்ல வந்துருவாங்க. வீட்டுல இல்லன்னா பதிவுத்துறை வெப்சைட்ல 1975க்கு அப்புறம் உள்ள வில்லங்கம் பாக்கலாம், அதுக்கு முந்தினதுக்கு சார்பதிவாளர் ஆபீஸுக்கு நேர்ல போய் மனு போட்டுத் தேடணும். 1908ஆம் வருஷப் பதிவுச் சட்டத்துல 57ஆவது பிரிவுப்படி, சொத்துப் பத்திரம் பதியுற முதல் புத்தகத்தையும் அதோட இன்டெக்ஸையும் யார் வேணா ஃபீஸ் கட்டி மனு போட்டுப் பாக்கலாம். இன்டெக்ஸ்ல ஒண்ணு ஆள் பேர் வாரியா இருக்கும், இன்னொண்ணு நிலம் வாரியா. நமக்கு பேர் வாரியா உள்ளதுதான் தங்கம். இது தெரியாம போனா “சர்வே நம்பர் கொண்டா”ன்னு திருப்பி விட்டுருவாங்க.

ஆனா பத்திரத்துல ஒரு ஓட்டை, பெரிய ஓட்டை. பொம்பளைங்க கிடையாது. தமிழ்நாட்டுல 1989ல சட்டம் திருத்தி பொண்ணுக்கும் பூர்வீகச் சொத்துல பங்குன்னு வர்ற வரைக்கும் பாகப்பிரிவினையில மக பேரு வரவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லாம போச்சு. பத்திரத்த மட்டும் நம்பி மரம் போட்டா அப்பா மகன் அப்பா மகன்னு ஒத்தையா ஒரு கம்பு மாதிரி நிக்கும், அவங்கள எல்லாம் பெத்தது யாருன்னே தெரியாது.

பொம்பளைங்க எங்க இருக்காங்கன்னா பரண் மேல இருக்காங்க. சீர் பாத்திரம்! பித்தளைக் குடம், அண்டா, குத்துவிளக்கு, தாம்பாளம் எல்லாத்துலயும் கழுத்து ஓரத்துலயோ அடியிலயோ புள்ளி குத்தி பேரு வெட்டிருப்பாங்க. சிலதுல பொண்ணு பேரு, சிலதுல குடுத்த மாமன் பேரு, ஊரு இனிஷியல், அதிர்ஷ்டம் இருந்தா தேதியும். எங்க வீட்டுல அம்மாயியோட அம்மா பேரு எந்தக் காகிதத்துலயும் கிடையாது, ரேஷன் கார்டு வர்றதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாங்க, ஆனா ஒரு பித்தளை அண்டா விளிம்புல பேரும் பொறந்த ஊரோட முதல் எழுத்தும் அப்படியே இருக்கு. அத்தைங்க பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டுத் தேய்ச்சதுல பாதி எழுத்து மழுங்கிப் போச்சு, அது தனி வருத்தம். போட்டோ எடுக்குறப்ப ஃபிளாஷ் வேண்டாம், விபூதியோ அரிசி மாவோ எடுத்து எழுத்து மேல தேச்சுத் தொடச்சீங்கன்னா குழியில மட்டும் வெள்ளையா நிக்கும், ஜன்னல் பக்கம் சாய்ச்சு வச்சு எடுங்க, தெளிவா விழும். இந்தப் படத்த அந்த ஆளோட பக்கத்துல நினைவுகள்ங்குற பகுதியில ஏத்தி பேரோட ஒட்ட வச்சுரலாம். ஆடியோவும் ஏத்தலாம், வயசானவங்க பேசுறத போன்லயே ரெக்கார்ட் பண்ணி அங்கயே போட்டுரலாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் இந்த ஆப்ப வச்சிருக்கேன்.

அடுத்தது மொய் நோட்டு. காதுகுத்து மொய் நோட்டா பாத்து எடுங்க, கல்யாண நோட்ட விட அதுல தாய்மாமன் செய்முறை பளிச்சுன்னு தனியா இருக்கும். தாய்மாமன் யாரு எந்த ஊருன்னு தெரிஞ்சா அந்த வீட்டு அம்மா எங்க பொறந்தாங்கன்னு தெரிஞ்சுரும், பத்திரத்துல இல்லாத ஆளு இப்படிப் பின்வாசல் வழியா வந்துருவாங்க. அப்புறம் குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரி நோட்டு. அது பூசாரிகிட்டயோ கணக்குப் பாக்குற பெரியவர்கிட்டயோ இருக்கும், கேட்டா தருவாங்க, வரி பாக்கி இருந்தா கட்டிட்டுப் போய்க் கேளுங்க. அதுலயும் ஆம்பளைங்கதான், ஆனா எந்தப் பங்காளி எந்த ஊருக்குப் போய் ஒதுங்குனாங்கங்குறது வேற எங்கயும் கிடைக்காது.

தேதிதான் அடுத்த தலைவலி. பழைய ஜாதகத்துல விரோதி வருஷம் ஆவணி மாசம்னு இருக்கும், ஆப்ல இங்கிலீஷ் தேதி போடணும். விரோதி 1889லயும் வந்துச்சு, 1949லயும் வந்துச்சு, அறுபது வருஷத்துக்கு ஒருக்கா சுத்தி வருதே. குரு எங்க சனி எங்கன்னு கட்டத்தப் பாத்துக் கண்டுபிடிக்கலாம்னு தோணும், ஆனா குரு 12 வருஷம், சனி 30 வருஷம், அறுபது வருஷத்துல ரெண்டும் கிட்டத்தட்ட பழைய எடத்துக்கே வந்து நிக்கும், பிரயோஜனம் இல்ல. ராகுவப் பாருங்க. அதுக்கு ஒரு சுத்துக்கு பதினெட்டர வருஷம், அறுபதுல கணக்கு சரியா அடையாது, ரெண்டு மூணு வீடு தள்ளி நிக்கும். ஜோசியருக்கு இது அஞ்சு நிமிஷ வேலை, எனக்கும் ஒருத்தர்தான் சொல்லிக் குடுத்தாரு.

கிறிஸ்தவக் குடும்பம்னா உங்களுக்கு வேலை பாதி. மெட்ராஸ் டயோசிஸ் புராட்டஸ்டன்ட் சர்ச் ரிஜிஸ்டர் படமாவே இதுல இருக்கு, ஞானஸ்நானம் கல்யாணம் அடக்கம் மூணும். இந்துக்களுக்கு யாத்திரைப் பதிவுகள்னு ஒரு தொகுப்பு இருக்கு, ஹரித்வார்ல பண்டாங்குற பூசாரிங்க எழுதி வச்ச ஏடு மாதிரி, ஆனா வடக்கத்தி ஆளுங்கதான் அதிகம், நமக்கு அதுல பெருசா ஒண்ணும் தேறாது. சில படத்த வீட்டுல இருந்து பாக்க விடாது, அவங்க சென்டர்ல போய்த்தான் பாக்கணும், ஒப்பந்தம் அப்படி.

இன்னொரு விசித்திரம். உங்க குடும்பத்துல யாராச்சும் கூலி ஒப்பந்தத்துல கப்பல் ஏறிருந்தா அவங்களப் பத்திதான் வெள்ளக்காரன் அதிகமா எழுதி வச்சிருக்கான். மெட்ராஸ்ல இருந்து போன ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16ஆம் தேதி தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல சேந்துச்சு, 1911 வரைக்கும் அந்த நேட்டால் பகுதிக்கு ஒன்றரை லட்சம் பேருக்கு மேல போனாங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர், அப்பா பேரு, வயசு, ஜாதி, ஜில்லா, ஊரு, உடம்புல என்ன தழும்புன்னு வரைக்கும் லிஸ்ட்ல இருக்கு. மொரீஷியஸுக்குப் போனவங்கள்ல நெறைய பேருக்கு போட்டோவே இருக்கு, அங்க மோக்காங்குற ஊர்ல மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்ல வச்சிருக்காங்க. அடிமை மாதிரி கொண்டு போனவன் தழும்பு வரைக்கும் கணக்கு வச்சிருக்கான், ஊர்லயே இருந்து உழுதவருக்கு ஒரு வரி இல்ல. எழுத்துக்கூட்டல் மட்டும் வெள்ளக்கார குமாஸ்தா காதுல விழுந்தபடி இருக்கும், அதனால பேர வச்சுத் தேடாம ஊர வச்சுத் தேடுங்க.

குறைன்னு பாத்தா, இது உங்க மரம் இல்ல, உலகத்துக்கே ஒரே மரம். இறந்தவங்க பக்கத்த யார் வேணா வந்து திருத்தலாம், யார் என்ன மாத்துனாங்கன்னு கணக்கு இருக்கு, பழசுக்குத் திருப்பலாம், ஆனாலும் அப்பப்ப போய்ப் பாத்துக்கணும். உயிரோட இருக்குறவங்க விவரம் வெளிய தெரியாது, அது பாதுகாப்புதான், அதனாலயே சித்தப்பா மகன் தனியா உக்காந்து அதே ஆளுங்கள மறுபடி ஏத்திக்கிட்டு இருப்பான். போட்டதெல்லாம் ஒரே ஃபைலா நேரா எறக்கிக்கவும் முடியாது, அதுக்கு வேற சாஃப்ட்வேர் வேணும், நான் ஒரு நோட்டுலயும் எழுதி வச்சுக்கிறேன்.

என் மார்க் அஞ்சுக்கு மூன்றரை. மரம் போடுறதுக்கு மூணு, அண்டா படத்துக்கு அந்த அரை. ஒண்ணு மட்டும் கவனம், இறந்தவங்க பக்கத்துல ஏத்துற படம் பொதுவா எல்லாருக்கும் தெரியும். பாத்திரம், போட்டோ, மொய் நோட்டு தாராளமா போடுங்க. பத்திரத்த ஏத்துறதா இருந்தா சர்வே நம்பர மறைச்சுட்டுப் போடுங்க, பங்காளி கேஸ் நடந்துக்கிட்டு இருந்தா பத்திரத்த மறைச்சும் போடாதீங்க.