புடாபெஸ்ட் 'பயங்கரத்தின் இல்லம்': பார்க்கலாம், ஆனால் முழுக்க நம்பவேண்டாம்

ஆந்திராஷி சாலை 60-ஆம் எண் கட்டடம் முதலில் அம்புச் சிலுவைக் கட்சி என்ற ஹங்கேரிய பாசிசக் கட்சியின் தலைமையகம். பிறகு கம்யூனிஸ்ட் ரகசியப் போலீஸின் இடம். 2002-இல் 'பயங்கரத்தின் இல்லம்' என்ற அருங்காட்சியகமானது.

வடிவமைப்பில் குறை சொல்ல முடியாது. நடுமுற்றத்தில் சோவியத் டாங்கி, அதன் பின்னே சுவர் உயரத்துக்குப் பலியானவர்களின் முகங்கள். சுழலும் உருவம் ஒன்றில் ஒரு பக்கம் அம்புச் சிலுவைச் சீருடை, மறுபக்கம் கம்யூனிஸ்ட் சீருடை. கடைசியில் மெதுவாக இறங்கும் லிஃப்ட் நிலவறைச் சிறைகளில் கொண்டுபோய் விடுகிறது.

கோளாறு விகிதத்தில்தான். பாசிசத்துக்குச் சில அறைகள், மீதியெல்லாம் கம்யூனிசத்துக்கு. கதையும் 1944-இன் ஜெர்மன் ஆக்கிரமிப்பிலிருந்துதான் சூடுபிடிக்கிறது. 1920-லேயே பல்கலைக்கழகங்களில் யூதர்களுக்கு வரம்பு விதித்த, அன்றைய ஹங்கேரிய ஆட்சித்தலைவர் ஹோர்தியின் ஆட்சி, 1944 மே முதல் ஜூலை வரை நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை நாடுகடத்துவதில் ஹங்கேரியப் போலீஸுக்கு இருந்த பங்கு, இரண்டும் மங்கலாகிவிடுகின்றன. கொடுமையெல்லாம் வெளியிலிருந்து வந்தது, தேசம் வெறும் பலி என்பது தேசியவாதத்துக்கு வசதியான கணக்கு. பாசிசத்தின் முதல் இலக்குகளில் சோசலிஸ்டுகளும் இருந்தார்கள் என்பதும் அந்தச் சீருடை உருவத்தில் மறைந்துபோகிறது.

திங்கட்கிழமை விடுமுறை. அறைதோறும் உள்ள விளக்கத்தாளை எடுத்துப் படியுங்கள். காட்சிப் பொருள்களில் குறிப்புகள் குறைவு. நேரமிருந்தால் நகரின் ஓரத்தில், அகற்றப்பட்ட கம்யூனிஸ்ட் காலச் சிலைகளை வைத்திருக்கும் மெமென்டோ பூங்காவுக்கும் போங்கள். அங்கே மிரட்டல் இல்லை; பழைய நினைவை விற்கும் கடை மட்டும் உண்டு.