ரெண்டு மோட்டார் மாத்தி மாத்தி ஓட்டுற பேனல் போட்டோம், 8 மாசம் ஆச்சு

எங்க அபார்ட்மென்ட்ல 48 வீடு, சம்புல இருந்து மாடி டேங்குக்கு ஏத்த ரெண்டு 5 ஹெச்பி மோட்டார். பழைய பேனல்லயும் மாத்தி மாத்தி ஓடும்னு சொல்லித்தான் போட்டாங்க, ஆனா கரண்ட் போய் வந்தா போதும், யாரோட முறைங்கறதே அதுக்கு மறந்துடும், திரும்ப முதல் மோட்டார்ல இருந்தே ஆரம்பிக்கும். முதல் மோட்டார் ஓடி ஓடி சீல்ல தண்ணி ஒழுகுது, ரெண்டாவது சும்மா கிடந்தே ஷாஃப்ட் ஜாம் ஆயிடுச்சு. ஒருநாள் ரெண்டுமே கைவிட்டு லாரித் தண்ணி வாங்கினோம், அப்புறம் தான் புதுசு போட முடிவு பண்ணோம்.

அம்பத்தூர்ல பேனல் கட்டுற ஒருத்தர்கிட்ட கொடுத்தோம், சீமென்ஸ் கம்பெனியோட லோகோ, அதாவது புரோகிராம் போட்டு மோட்டாரை ஆன் ஆஃப் பண்ற சின்ன கன்ட்ரோலர், அதைப் போட்டுக் கொடுத்தார். லோகோல சிக்னல் உள்ள வர்ற இன்புட் 8 தான், நமக்கு மாடி டேங்க்ல மேல ஒரு ஃப்ளோட் (தண்ணி மட்டம் சொல்ற மிதவை சுவிட்ச்) கீழ ஒரு ஃப்ளோட், சம்புல ஒண்ணு, வழிஞ்சா ஹூட்டர் அடிக்க ஒண்ணு, ஆட்டோ, ஆஃப், மேனுவல்னு திருப்புற ரெண்டு செலக்டர் சுவிட்சோட ஆட்டோ சிக்னல், ரெண்டு ட்ரிப் (லோடு அதிகமாகி ஓவர்லோடு ரிலே மோட்டாரை நிறுத்திட்டா வர்ற சிக்னல்), ரெண்டு காண்டாக்டர் ஃபீட்பேக் (மோட்டாருக்கு கரண்ட் விடற காண்டாக்டர் சுவிட்ச் நிஜமாவே இழுத்துச்சான்னு சொல்ற சிக்னல்)னு 10 ஆயிடுது, அதனால இன்புட்டைக் கூட்ட டிஎம்8ன்னு ஒரு மாட்யூலும் வாங்கணும். கொட்டேஷன்ல இது இருக்கான்னு பாத்துக்கோங்க, சிலர் ஃபீட்பேக்கை விட்டுட்டு 8க்குள்ள அடக்கப் பாப்பாங்க. அத மட்டும் விடாதீங்க, ஆர்டர் கொடுத்து 5 செகண்ட்ல காண்டாக்டர் இழுக்கலன்னா அடுத்த மோட்டாருக்குப் போகறது அத வச்சுத்தான்.

டேங்க் நிரம்பி மோட்டார் நிக்கும்போது முறை மாறுது, புரோகிராம்ல அந்த முறையைப் பாக்கற பிளாக்ல ரிட்டென்டிவ்ங்கற செட்டிங்கை ஆன் பண்ணியிருக்கார், அதனால கரண்ட் போனாலும் ஞாபகம் இருக்கு. தண்ணி அலையில ஃப்ளோட் ஆடி மோட்டார் விட்டு விட்டு ஓடக்கூடாதுன்னு 3 செகண்ட் டிலே, கரண்ட் வந்ததும் வோல்டேஜ் நிலைக்க 30 செகண்ட். இதெல்லாம் நான் கேக்காமயே அவரா செஞ்சது.

இப்ப குறை. போட்ட ரெண்டாவது வாரம் பிளம்பர் வந்து முதல் மோட்டாரை ஆஃப்ல வச்சுட்டுப் போயிட்டார். காலைல 6 மணிக்கு ஒரு வீட்லயும் தண்ணி இல்ல, நல்லா இருக்கிற ரெண்டாவது மோட்டார் அப்படியே நிக்குது, பேனல்ல ஒரு அலாரமும் இல்ல. ஏன்னா முறை முதல் மோட்டாருக்கு, அது ஆட்டோல இல்லாததால புரோகிராம் ஆர்டரே கொடுக்கல, ஆர்டர் போகாததால அந்த 5 செகண்ட் கணக்கும் ஆரம்பிக்கல, வராத ஆளுக்காக காத்துட்டே இருந்திருக்கு. ட்ரிப் ஆனா மாறும்னு எழுதினவர் ஆஃப்ல இருந்தா மாறணும்னு எழுதல. ஃபோன் பண்ணதும் மதியமே லேப்டாப்போட வந்து, ஆட்டோல இல்லாததும் ட்ரிப் ஆனதும் ஒண்ணு தான், ரெண்டுமே ஓடத் தயாரா இல்லாத மோட்டார்னு ஒரே கண்டிஷன்ல கொண்டுவந்து மாத்திக் கொடுத்தார், காசு வாங்கல. பேனலை கையில வாங்கும்போது இந்த ஒரு டெஸ்ட்டை நின்னு பாத்து வாங்குங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மேனுவல். சுவிட்சை மேனுவல்ல திருப்பினா லோகோ வழியா போகாம நேரா காண்டாக்டருக்குப் போகுது, லோகோ செத்துப்போனாலும் வாட்ச்மேன் அண்ணன் தண்ணி ஏத்திடலாம். ஆனா சம்ப் ஃப்ளோட் ரிலேயும் ஓவர்லோடும் அந்த லைன்லயும் சீரிஸ்ல இருக்கு, அதனால சம்ப் காலியானா மேனுவல்லயும் மோட்டார் ஓடாது. டேங்க் நிரம்பினா மட்டும் மேனுவல்ல தானா நிக்காது, ஹூட்டர் அடிக்கும், போய் ஆஃப் பண்ணணும்.

லோகோ டிஸ்ப்ளேல ரெண்டு மோட்டாரும் எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னு வருது, நேத்து பாத்தேன், 611, 604. அந்த 7 மணி வித்தியாசம் பிளம்பர் வந்த அன்னிக்கும், அப்புறம் ஒரு தடவை சீல் மாத்தினப்பவும் வந்தது. பில் ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழ. புரோகிராம் ஃபைலையும் பாஸ்வேர்டையும் பென்டிரைவ்ல கேட்டு வாங்கி சொசைட்டி பீரோல வச்சிருக்கேன், கேட்டதும் மறுக்காம கொடுத்தார்.